வடக்கு மலைப் பாதை – 7: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆப்பிள்கிராஸ் ஊருக்குப் பியாலக் நா பா கணவாய் வழியே புறப்பட்டோம். கடலோரத்தில் தொடங்கி 626 மீட்டர் உயரம் ஏறும் ஒற்றைத் தடச் சாலை. ஓட்டப் பழகுபவர்களும் கேரவன்களும் இவ்வழியே போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை எச்சரிக்கிறது. எங்களுடையது 1974-ஆம் வருட ஃபோக்ஸ்வேகன் கேம்பர். எஞ்சின் பின்பக்கம், காற்றில் குளிர்வது என்பதால் ரேடியேட்டர் கிடையாது.

பாதி ஏற்றத்தில் வண்டி விக்கத் தொடங்கியது. எதிர்வண்டிக்கு வழிவிடும் இடத்தில் ஒதுக்கியதும் எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்; செல்ஃப் எடுக்கவில்லை.

ஏற்றத்தில் விக்கியது பெட்ரோல் கோளாறு, செல்ஃப் எடுக்காதது கரண்ட் கோளாறு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் விடை கிடைக்கும்.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். வெளிச்சம் மங்கினால் பாட்டரியில் சார்ஜ் குறைவு. மங்கவில்லை. அப்படியானால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் சரியாகப் போய்த் திரும்பவில்லை. கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினோம். முனை முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் செல்ஃப் பழையபடி சுற்றியது.

அடுத்தது பெட்ரோல். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். காயில் வயரைப் பிடுங்கி, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃபைச் சுற்றினோம். பம்பு முதலில் பலமாகப் பீய்ச்சியது. பிறகு நூலாக மெலிந்தது. டாங்க் மூடியைத் திறந்தபோது காற்று உறிஞ்சும் சத்தம் இல்லை, காற்றுவழி அடைபடவில்லை. மிஞ்சியது ஃபில்டர். கழற்றித் தட்டினால் பழுப்புத் துருப்பொடி கொட்டியது.

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் டாங்கில் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். சமதரையில் அடியில் கிடக்கும் துரு, செங்குத்தான ஏற்றத்தில் பெட்ரோல் அலைமோதும்போது கலங்கி வந்து ஃபில்டரை அடைக்கும். சற்று நேரம் நிறுத்தினால் அது படிந்து, வண்டி மறுபடி ஓடும். இதனால்தான் பலர் ஏமாந்து கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். அதற்குப் பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்காமல் அதன் திருகைத் தொட்டால், நன்றாக இருப்பதும் கெடும்.

மாற்று ஃபில்டர் கைவசம் இருந்தது. ஆனால் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தோம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்துபோகும். பழைய வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள் ஃபில்டர், எத்தனால் தாங்கும் ஹோஸ், கிளிப், தீயணைப்பான் நான்கையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

கணவாயைத் தாண்டி ஆப்பிள்கிராஸில் இறங்கினோம். அங்கே ஊர் மக்களே சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்க்கைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.