தோலுக்கு அடியில் ஒரு எல்இடி

டார்ச் மேல உள்ளங்கையை வச்சு, விரல் இடுக்கெல்லாம் சிவப்பா ஒளிர்றதைச் சின்ன வயசுல எல்லாருமே பாத்திருப்பீங்க. ரத்தம் பச்சையையும் நீலத்தையும் குடிச்சிட்டு சிவப்பை மட்டும் வெளியே விடும். இப்போ அதைத் தலைகீழா யோசிங்க. லைட்டு தோலுக்கு உள்ளே. பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. போனைக் கைப்பக்கம் கொண்டுபோனா மினுக்கும்.

நிஜமாவே இருக்கு. அமெரிக்காவில் டேஞ்சரஸ் திங்ஸ்னு ஒரு கம்பெனி விக்கிற எக்ஸ்எஸ்ஐஐடி, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு என்எஃப்சி சிப், ஒரு செம்புக் காயில், ஒரு எல்இடி. போன் அனுப்புற 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலம்தான் அதுக்குக் கரண்ட். 2015-ல் பிட்ஸ்பர்க்கின் கிரைண்ட்ஹவுஸ் வெட்வேர் குழு, காந்தம் காட்டினா எரியுற நார்த்ஸ்டார்னு ஒண்ணைக் கையில பதிச்சாங்க. அதுல பேட்டரி உள்ளேயே இருந்துச்சு. தீர்ந்தா கையை வெட்டித்தான் எடுக்கணும். வயர்லெஸ் பவரோட அருமை அங்கதான் புரியும்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு மச்சான் இந்த வீடியோவைப் பாத்ததுல இருந்து, "கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி கையில ஏத்திரணும்ல, டாட்டூ கடையில கேட்டுட்டேன்"னு நிக்கிறான். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. படிக்கிற உங்கள்லயும் நாலு பேராவது அப்படி இருப்பீங்க.

நான் தூத்துக்குடிக்காரன். லீவுக்குப் போனப்போ மோட்டார் ரீவைண்டிங் கடையில கொஞ்சம் வைண்டிங் வயர் வாங்கி ரெண்டு காயில் கட்டினேன். பெருசு 20 சுத்து, சின்னது பாட்டில் மூடி அளவு. சின்னதுல ஒரு கெப்பாசிட்டர், ஒரு சிவப்பு எல்இடி. லேபுக்கு வந்து சிக்னல் ஜெனரேட்டரை 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வச்சு ட்யூன் பண்ணினா, எரிஞ்சது. நடுவில சூரை மீன் துண்டு ஒண்ணைத் தோலோட வச்சோம். அப்பவும் எரிஞ்சது. லேப் அசிஸ்டன்ட் அண்ணன் நாத்தம் தாங்காம ஜன்னலைத் திறந்துட்டுப் போயிட்டாரு. ஒரு மக்குல ஊர்ல இருந்து கொண்டுவந்த கடல் தண்ணியை ஊத்தி காயிலை முக்கினோம். அதுலயும் எரிஞ்சது.

பலரும் நினைக்கிற மாதிரி தோலும் சதையும் இங்க பெரிய தடை இல்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ்லகூட, கடல் தண்ணிக்குள்ள சுமார் 6 செ.மீ. போன பிறகுதான் புலம் மூணுல ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நம்ம உடம்பு கடலைவிட உப்புக் கம்மி. ரெண்டு மில்லிமீட்டர் தோல் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையான வில்லன் தூரமும் கோணமும். காயிலோட அகலத்தை நல்லாத் தாண்டிட்டா, தூரம் ரெண்டு மடங்கானாலே புலம் எட்டுல ஒரு பங்காயிடும். சின்னக் காயிலை 90 டிகிரி திருப்பினா லைட்டு அவுட். நடுவில அலுமினிய டிபன் மூடியை வச்சாலும் அவுட். அரிசி அளவு காயிலுக்கு போனை எந்த இடத்துல, எந்தச் சாய்வுல காட்டணும்னு தேடியே பாதி நேரம் போயிடும். மேடையில கையை உயர்த்தினா ஜொலிக்கும்னு மச்சான் கனவு காண்றது இதுல நடக்காது.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தச் சின்னக் காயிலுக்கு மேல எபாக்ஸி பூசி, கடல் தண்ணி மக்குலயே விட்டுட்டோம். மூணாவது வாரம் எல்இடி மங்கிச்சு, நாலாவது வாரம் செத்துச்சு. எடுத்துப் பாத்தா சால்டரிங் பக்கம் பச்சை பூத்திருக்கு. உடம்பும் 37 டிகிரியில இருக்குற உப்புத் தண்ணிதானே? அதான் நிஜ இம்ப்ளாண்ட்டுக்குள்ள எலெக்ட்ரானிக்ஸை டைட்டானியத்துலயோ செராமிக்லயோ கண்ணாடியிலயோ காத்துப் புகாம அடைக்கிறாங்க.

அடைச்சாலும் உடம்பு சும்மா இருக்காது. எங்க ஊர்ல இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. மழைத்துளி சிப்பிக்குள்ள விழுந்தா முத்துன்னு தாத்தா பாட்டி சொல்லுவாங்க. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட தூத்துக்குடி மையத்துல கே. அழகர்சாமி செஞ்சு காட்டினது வேற. உயிருள்ள சிப்பிக்குள்ள ஓட்டுல செஞ்ச ஒரு சின்ன உருண்டையையும், இன்னொரு சிப்பியோட மேன்டில் திசுத் துணுக்கையும் வைக்கணும். அந்தத் திசு வளர்ந்து உருண்டையைச் சுத்திப் பையாகி, அடுக்கடுக்கா முத்துப்பூச்சு பூசும். இந்தியாவோட முதல் வளர்ப்பு முத்து அது. யோசிச்சுப் பாத்தா அதுவும் ஒரு இம்ப்ளாண்ட் ஆபரேஷன்தான், என்ன, சிப்பிகிட்ட யாரும் சம்மதம் கேக்கல. எல்லாச் சிப்பியும் முத்துத் தர்றதும் இல்லை. சிலது உருண்டையைத் துப்பிடும், சிலது செத்துப்போகும். நம்ம உடம்பு முத்து பூசாது, வந்த பொருளைச் சுத்தித் தழும்புத் திசுவால ஒரு உறை கட்டும். கிருமி உள்ளே போயிருந்தா சீழ் வச்சுத் துப்பவும் பார்க்கும். டாட்டூ கடையில அதுக்கு வைத்தியம் கிடையாது மக்கா.

அப்போ இந்த வித்தையை ஒழுங்காச் செஞ்ச இடமே இல்லையான்னு கேட்டா, எங்க அக்கா வீட்டுலயே இருக்கு. அக்கா பொண்ணுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. சின்ன வயசுல காக்ளியர் இம்ப்ளாண்ட் வச்சாங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துலயே குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு, பல பேருக்கு இது தெரியாது. காதுக்குப் பின்னாடி தோலுக்கு அடியில ஒரு காயில், தோலுக்கு மேல காந்தத்தால ஒட்டி நிக்கிற இன்னொரு காயில். உள்ளே பேட்டரி இல்லை. கரண்ட்டும் சத்தத்தோட டேட்டாவும் ஒரே காயில் வழியாத்தான் போகுது. அவளோடதுல நத்தைச் சுருளுக்குள்ள 22 மின்முனைகள். நம்ம மச்சான் கேக்குற அதே சர்க்யூட்தான், எல்இடி மட்டும் இல்லை.

அவ ஓடும்போது வெளிக் காயில் நழுவினா அந்த நொடியே உலகம் நின்னுடும். முத்துநகர் பீச்சுல பாதி வாக்கியத்துல அப்படி ஆகி, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம அலையைப் பாத்துப் போயிட்டே இருந்தா. அக்கா ஓடிப்போய்ப் பிடிச்சு, மணலைத் தட்டி மறுபடி ஒட்டுற வரைக்கும் யாரும் மூச்சு விடலை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, புரொசஸரைத் துடைச்சு ஈரம் உறிஞ்சுற டப்பாவுல வைக்கிறது. எங்க ஊர் உப்புக் காத்துக்கு வெளியில இருக்குற கேபிளே பயப்படணும்.

மச்சானுக்கு நான் வாங்கிக் கொடுத்தது என்எஃப்சி நெயில் ஸ்டிக்கர். அதே 13.56, அதே காயில், அதே எல்இடி, ஆனா நகத்து மேல. பிடிக்கலைன்னா உரிச்சுப் போட்டுடலாம். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே ஒட்டிக்கிட்டான். மிச்சம் ரெண்டை ஊருக்குக் கொண்டுபோனேன். பாப்பா ஒண்ணை நகத்துல ஒட்டி, போன் பக்கத்துல மினுக்க வச்சுப் பாத்தா. அப்புறம் விரலைத் தன் காதுக்குப் பின்னாடி இருக்குற காயில் மேல வச்சு, கண்ணாடியைப் பாத்தா.

"எரியலையே மாமா."

"உன்னோடது 5 மெகாஹெர்ட்ஸ் பாப்பா, இது 13.56. ட்யூனிங் வேற."

"அப்போ எனக்கு 5-ல ஒண்ணு கட்டிக் கொடு"ன்னா. வைண்டிங் வயர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுக்கு முன்னாடி அவ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.