வகுப்பெடுத்தால் பாகுபாடு போகுமா?

2018 மே 29, பிற்பகல். அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்பக்ஸ் கடைகள் மூடல். சுமார் 1,75,000 ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு பற்றி வகுப்பு. ஏப்ரலில் பிலடெல்பியா கடையொன்றில் நடந்ததுதான் காரணம். ஒருவரைச் சந்திக்கக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்கள் எதுவும் வாங்கவில்லை என்று கடைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போன வீடியோ எங்கும் பரவியது. அரை நாள் வகுப்பில் தீருகிற வியாதியா இது?

*

சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலெவும் 800-க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டு விவரங்களை அலசி 2016-இல் எழுதினார்கள். இப்படிப்பட்ட பயிற்சியைக் கட்டாயமாக்கிய இடங்களில், ஐந்தாண்டு கழித்து மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9% குறைந்திருந்தது. விரும்பியவர் வரலாம் என்ற இடங்களில் சில பிரிவினரின் பங்கு கூடியது. (விரும்பி வருகிறவர் முன்பே பாதி மனம் மாறியவராக இருக்கலாம். அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.)

*

கனடா ஆய்வு, 2011. 'பாகுபாடு காட்டக் கூடாது' என்று அதட்டும் துண்டுப்பிரசுரம் ஒரு குழுவுக்கு. காட்டாதிருப்பது உனக்கே ஏன் நல்லது என்று பேசுவது இன்னொரு குழுவுக்கு. அதட்டலைப் படித்தவர்களிடம், இரண்டில் எதையும் படிக்காதவர்களைவிட வெறுப்பு கூடியிருந்தது. வீம்பு!

*

நம் ஊர் ஐடி அலுவலகத்தில் இந்த மாதிரி வகுப்புக்குப் பெயர் 'மாட்யூல்'. வீடியோ ஒரு ஜன்னலில் மியூட்டில் ஓடும், இன்னொன்றில் வேலை நடக்கும். கடைசியில் சில கேள்விகள். இருப்பதில் நீளமான விடையைத் தட்டினால் பெரும்பாலும் சரி. சான்றிதழ் வந்ததும் ஹெச்.ஆர். நினைவூட்டல் நின்றுவிடும். நாளைக்கு வழக்கு வந்தால் காட்ட ஒரு காகிதம் ஆயிற்று. நான் பார்த்தவற்றில் பாலினம் உண்டு, மதம் உண்டு; சாதிதான் தட்டுப்படவில்லை.

*

மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் போட்டி நடத்தினார். உபதேசம் கிடையாது. குலுக்கல் முறையில் சில அணிகளில் ஒரே சாதி, சிலவற்றில் கலந்து. ஒன்றாக ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் நின்று மோதியவர்களிடையே பழக்கம் பொதுவாகக் குறைந்தது.

அங்கேயும் யாருக்கு எந்த அணி என்பது ஆடியவர் கையில் இல்லை. ஆகவே கட்டாயம் என்றாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியவில்லை. இன்னாரோடு சேர்ந்து ஆடு என்றால் ஆடுகிறான். இப்படி நினை என்றால்தான் முறைக்கிறான்.

*

டாபின், கலெவ் கணக்கில் நன்றாக வேலை செய்த ஏற்பாடுகளில் ஒன்று: மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேலை பழக்குவது. அந்த மூத்தவருக்கு மாதக்கணக்கில் நேரம் போகும். மாட்யூல் மலிவு.