எலுமிச்சையும் ஏர் பிரேக்கும்

லாரி புறப்படுகிறது. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். முகப்பிலே மிளகாயும் எலுமிச்சையும் கோத்த சரம். கண்ணாடிக்கு நேரே கற்பூரப் புகை. பழம் நசுங்கினால் பயணம் நலமாம்! பல டன் பாரத்தின்கீழ் நசுங்காத பழமும் உண்டோ? பகுத்தறிவு பயின்ற இளைஞர்கள் இதைக் கண்டு நகைக்கிறார்கள், நகைக்கத்தான் வேண்டும். ஆனால், தோழர்களே, நகைத்து முடித்தபின் நெடுஞ்சாலைக்குச் சற்று வாருங்கள். அங்கே அரசின் பெயரால் நடைபெறும் மற்றொரு சடங்கைக் காட்டுகிறோம். அதற்கு வாகனச் சோதனை என்று பெயர்.

நாம் ஆசிரியப் பணி புரிவது நாமக்கல் வட்டாரத்தில். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசைக்கு நடுவேதான் இங்கே பாடம் நடக்கும். தந்தையின் தொழில் என்ன என்று பதிவேட்டுக்காகக் கேட்டால், "டிரைவர்", "கிளீனர்" என்று பிள்ளைகள் வரிசையாகக் கூறுவர். "அப்பா எப்போது வருவார்?" என்று கேட்டால்தான் விடை வராது. அந்தத் தந்தையரோடு பேசிப் பழகியே, கல்லூரியில் எந்த நூலும் நமக்குக் கற்பிக்காத சோதனையின் இலக்கணத்தைக் கற்றோம்.

சட்டம் வலிமையற்றதா? இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அலுவலர் ஆவணம் கேட்கலாம். வண்டியை எடைமேடைக்கு ஓட்டச் சொல்லலாம். மிகுதிப் பாரத்தை இறக்கச் சொல்லலாம். 2019இல் வந்த திருத்தம், மிகுதிப் பாரத்துக்கு 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 20,000 ஆக்கிற்று. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 என்றது. எடைபோட மறுத்து ஓட்டினால் 40,000! பாரம் மிகுந்த லாரி விரைவில் நிற்காது; ஆகவே கடுமை தேவைதான். ஆனால், அபராதம் பத்து மடங்கு ஏறும்போது, அதிலிருந்து தப்புவிக்கும் மாமூலின் விலை மட்டும் ஏறாதிருக்குமா?

ஒரு விடுமுறையில், மாணவன் ஒருவனின் தந்தையோடு ஓசூரிலிருந்து சேலம் நோக்கி இரவில் லாரியிலே வந்தோம். தருமபுரியைக் கடந்தபின் கைவிளக்கொன்று அசைந்தது, வண்டி நின்றது. ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. நடுவே ஒரு நோட்டும் மடிந்திருந்தது. ஆவணங்கள் திரும்பி வந்தன, நோட்டு வரவில்லை. டயரின் பக்கம் எவரும் குனியவில்லை. பிரேக் பிடிக்கிறதா என்ற கேள்வி எழவில்லை. முதல்நாள் காலை முதல் உறங்காத ஓட்டுநரின் சிவந்த கண்கள்மீது அந்த விளக்கொளி விழவேயில்லை.

"எல்லாம் சரியாகத்தானே இருந்தன, அண்ணா?" என்றோம்.

"சரியா இருந்தா ஒரு ரேட்டுங்க சார், இல்லாட்டி வேற ரேட்டுங்க. ஓரங்கட்டச் சொல்லிட்டா விடியற வரைக்கும் நிக்கோணும். லோடு தாமதமானா வாடகையில புடிச்சுக்குவாங்க."

சற்று நேரத்தில் தொப்பூர்க் கணவாய் வந்தது. சேலம் நோக்கி இறங்கும் அச்சரிவு விபத்துக்குப் பெயர்போனது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவோர் உண்டு. அப்போது எஞ்சினின் பிடி அற்றுப்போகிறது, பாரமனைத்தும் பிரேக்கின் தலையில் விழுகிறது, டிரம் கொதிக்கிறது, கொதித்த பிரேக் பிடிப்பதில்லை. நம் ஓட்டுநர் கியரைக் குறைத்துப் பொறுமையாக இறக்கினார். அங்கே நம்மைக் காத்தது எலுமிச்சையா? மடித்து வைத்த நோட்டா? அவருடைய அனுபவமும், இமையை இழுத்துப் பிடித்த மனவுறுதியும் அல்லவா!

இஃது ஓர் இரவின் கதையன்று. 2020இல் சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களிடம் ஆய்வு நடத்திற்று. மூவரில் இருவர், சாலைக் காவலர்க்குக் கையூட்டு கொடுத்ததாகக் கூறினர். ஏறத்தாழப் பாதிப்பேர், களைப்பும் உறக்கமும் அழுத்தும்போதும் ஓட்டுவதாகக் கூறினர். இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காசு கேட்கக் கை உண்டு, "உறங்கினாயா?" என்று கேட்க வாய் இல்லை! எட்டு மணி நேர வேலையை 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே எழுதிற்று. சாலை அதைப் படிக்கவில்லை.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராசசேகரன் 2012இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிமன்றம், கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதற்குப் பின்னும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். ஆணைகள் ஏட்டிலே நிற்க, லாரிகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன.

வட அமெரிக்காவில் சோதனை அலுவலர் வண்டியின் அடியிலே படுத்துப் பார்க்கிறார். முழுச் சோதனைக்கு 37 படிகள் உண்டு. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்ற கணக்கும் அவற்றுள் அடங்கும். பழுது கொடிதானால், திருத்தும்வரை வண்டி நகராது. அன்னியரைப் போற்றுவதற்காக இதைக் கூறவில்லை. சோதனை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என்று காட்டவே கூறுகிறோம்.

நேர்மையான அலுவலர் இங்கு இல்லையா? உண்டு. அவர்களைத் தனிமரமாக நிறுத்தியிருக்கும் முறையைத்தான் பழிக்கிறோம். மிகுதிப் பாரத்தை ஏற்றச் சொன்னவர் மாடியிலே உறங்குகிறார். ஏற்றி வந்தவர் சாலையோரம் கைகட்டி நிற்கிறார். சட்டமோ ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் குற்றவாளி என்கிறது. அந்தப் பாதிச் சட்டம் எங்கே போயிற்று?

இளைஞர்காள்! லாரிப்பேட்டைக்குச் செல்லுங்கள். எலுமிச்சை வேண்டாம், பிரேக்கைப் பாருங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அபராதம் கட்டினால் இரசீது கேட்கும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தாளைப் புரட்டும் கை டயரையும் தடவட்டும், ஏற்றியவனையும் பிடிக்கட்டும் என்று அரசிடம் கேளுங்கள். பழத்தை நசுக்குவது ஓட்டுநரின் மூடநம்பிக்கை. காகிதத்தைப் புரட்டிவிட்டுப் பாதுகாப்பு என்பது ஆட்சியின் மூடநம்பிக்கை. முன்னதைச் சாடும் நாம் பின்னதையும் சாடியாக வேண்டும். "அப்பா எப்போது வருவார்?" என்ற கேள்விக்கு விடை தெரியாத பிள்ளைகள் நம் வகுப்பிலே அமர்ந்திருக்கிறார்கள்.