கால்வாய்க்கு மேல் ஒரு கூரை

குஜராத் மாநிலம் மேசானா மாவட்டத்தில் இருக்கிறது கடி வட்டாரம். பருத்தியும் ஆமணக்கும் விளையும் பூமி. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியே வெள்ளாமை செய்து, நிலத்தடி நீரைப் பாதாளத்துக்குக் கொண்டுபோன மாவட்டம் இது. இப்போது சர்தார் சரோவர் அணையிலிருந்து நர்மதைத் தண்ணீர் கால்வாயில் வருகிறது. ஆனால், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், வருகிற தண்ணீரிலும் பங்கு கேட்கிறது.

இங்குள்ள சந்திராசன் கிராமத்தின் அருகே, சுமார் 750 மீட்டர் தூரத்துக்குக் கால்வாய்த் தண்ணீரில் வெயில் படுவதில்லை. கரைக்குக் கரை இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் கூரை வேய்ந்ததுபோல சோலார் பேனல்களைப் பரப்பியிருக்கிறார்கள். 2012 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 1 மெகாவாட் மின் நிலையம் இது.

பேனலைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோய் வைப்பானேன்? வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலில் குறித்திருக்கும் வாட் அளவு, பேனல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவிகிதம் உற்பத்தி குறையும். மே மாத உச்சிவெயிலில் பேனல் 65 டிகிரி வரை சுடும். அப்போது 16 சதவிகிதம் இழப்பு. 5 ஹெச்.பி சோலார் பம்ப்செட்டுக்கான 4,800 வாட் பேனலில் 750 வாட்டுக்கு மேல் போய்விடும். அதுவும் பயிர் தண்ணீருக்குத் தவிக்கும் நேரத்தில்!

சந்திராசனில் அடியில் ஓடும் தண்ணீர் பேனலின் சூட்டைத் தணிக்கிறது. பேனலின் நிழல் தண்ணீரைக் காக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் லிட்டர் ஆவியாகாமல் மிஞ்சும் என்பது திட்டக் கணக்கு. விளைநிலமும் தப்பியது. ஆனால், இரும்புச் சட்டத்துக்கு ஆகும் செலவு அதிகம். கால்வாயைத் தூர்வாருவதும் சிரமம்.

கால்வாய் இல்லாத தோட்டத்தில் என்ன செய்வது? சோலார் மோட்டார் இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியைத் துளையிட்ட குழாய் வழியாகப் பேனலின் மேல்விளிம்பில் மெல்லிய படலமாக ஓடவிடலாம். கீழே தகரக் காடி வைத்துப் பிடித்து, தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ அனுப்பிவிடலாம். வழியும் தண்ணீர் பயிருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இது லாபம். இதற்கென்று தனி மோட்டார் வைத்தால், கிடைத்த மின்சாரத்தை அதுவே தின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. உப்புத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். கொதிக்கும் பேனலில் திடீரென்று குளிர்ந்த நீரைக் கொட்டினால் கண்ணாடி விரிசல் விடலாம். எனவே, சூடு ஏறும் முன்பே, காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நல்ல தண்ணீர் இல்லாதவர்கள் பேனலின் அடியில் காற்று தாராளமாகப் புகும்படி உயர்த்திக் கட்டினாலே ஓரளவு சூடு குறையும். தண்ணீரைச் செலவழிக்காமல் தண்ணீராலேயே குளிரவைக்கிறது சந்திராசன் கால்வாய். வறண்ட பூமிக்கு ஏற்ற பாடம் அதுதான்.