ஹரமைப் படம் பிடித்தவர்கள்

கஃபத்துல்லாஹ்வின் படம் ஒன்றேனும் மாட்டப்படாத முஸ்லிம் இல்லம் நம் ஊர்ப்புறங்களில் அரிது. உருவப்படங்களை வீட்டில் வைக்க ஒப்பாத பெரியவர்களும் இந்தப் படத்தை மட்டும் விரும்பி வாங்கி நடுக்கூடத்தில் மாட்டினார்கள். ஆனால் புனித ஹரமை முதன்முதலாகப் படமெடுத்தவர் யார் என்ற கேள்வி நம் வீடுகளில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. என் மருமகன் அண்மையில் காட்டிய பழைய படங்கள் சில, அக்கேள்வியை என்னிடம் எழுப்பிவிட்டன.

அவர் எகிப்தியர், பெயர் முஹம்மது ஸாதிக் பே. பாரிஸில் பயின்ற இராணுவப் பொறியாளர். 1861-இல் செங்கடற்கரையிலுள்ள அல்-வஜ்ஹ் துறைமுகத்திலிருந்து மதீனா வரையுள்ள வழியை அளந்து ஆராயப் புறப்பட்டவர், அளவுக் கருவிகளோடு கேமராவையும் கொண்டு சென்றார். அண்ணலார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலும் அதன் பச்சைக் குப்பாவும் அப்பயணத்தில்தான் முதன்முதலாகப் படத்தில் பதிவாயின. பின்னர் 1880-இல், எகிப்திலிருந்து ஆண்டுதோறும் செல்லும் மஹ்மில் பயணக்கூட்டத்தின் பொருளாளராக ஹஜ்ஜுக்கு வந்தபோது மக்கமாநகரையும் படமெடுத்தார்.

அந்நாளில் படமெடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் திரவத்தைப் பூச வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படத்தை எடுத்து, இருளான இடத்தில் கழுவியும் முடித்துவிட வேண்டும். ஹிஜாஸின் வெயிலில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? புழுதி வேறு. இத்தனை இடர்களுக்கிடையே எடுக்கப்பட்ட படங்களுக்கு 1881-இல் வெனிஸ் நகரின் புவியியல் மாநாட்டில் தங்கப் பதக்கம் கிடைத்ததென்றால் அதில் வியப்பில்லை.

எனினும் என் உள்ளத்தை அதிகம் கவர்ந்தவர் மற்றொருவர். அவர் மக்காவாசியான மருத்துவர் செய்யிது அப்துல் கஃப்பார். கடிகாரமும் துப்பாக்கியும் பழுதுபார்க்கத் தெரிந்த கைத்திறனாளர். 1885-இல் ஸ்னூக் ஹர்குரோன்யே என்னும் டச்சு அறிஞர் மக்காவில் சில மாதங்கள் தங்கினார். இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து அவர் சூட்டிக்கொண்ட பெயரும் அப்துல் கஃப்பார் என்பதே! (அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான்.) மருத்துவரின் இல்லத்தில் படக்கூடம் அமைத்து, அவருக்கும் கேமராவைக் கையாளக் கற்றுக்கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். மருத்துவர் கலையைக் கைவிடவில்லை. தொடர்ந்து படமெடுத்து ஜித்தா வழியாக ஹாலந்துக்கு அனுப்பிவந்தார்.

கஃபாவைச் சூழ்ந்து மக்கள் தொழுகையில் நிற்கும் படம் ஒன்று உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் கண் அகல மறுக்கிறது. வெண்மணல் வெளியில் வட்டவட்டமாக அணிகள். ஜம்ஜம் கிணற்றின் மீதிருந்த கட்டடம், நான்கு மத்ஹபு இமாம்களுக்கான தனித்தனி மண்டபங்கள் முதலியவற்றை அக்காலப் படங்களில் காண்கிறோம். இன்று அவை ஹரமில் இல்லை. குன்றின்மேல் தெரியும் அஜ்யாத் கோட்டையும் 2002-இல் இடிக்கப்பட்டது. இவர்கள் படமெடுத்திராவிட்டால் அந்த மக்காவை எங்கே காண்பது?

மருத்துவர் தம் படங்களில் தம் பெயரை அழகிய அரபு எழுத்தில் பொறித்து, மக்காவின் மருத்துவர் என்றும் குறித்திருந்தார். 1889-இல் ஸ்னூக் வெளியிட்ட படத்தொகுப்பில் அக்கையெழுத்து அழிக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் உலகம் அவற்றை ஐரோப்பியரின் படங்களாகவே எண்ணியிருந்தது. கற்றுக்கொடுத்தவர் என்ற உரிமை வேறு, எடுத்தவர் என்ற உரிமை வேறு அல்லவா? கூலிக்காரனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் தலைநகரில் எடுத்த படங்களுக்கு இப்படியொரு கதி நேர்ந்ததை எண்ணுகையில் நெஞ்சு பொறுக்கவில்லை. நல்லவேளையாக, கையெழுத்து அழியாத பிரதிகள் தப்பின. ஆய்வாளர்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள படங்களை இன்று நம் வீட்டிலிருந்தே இணையத்தில் காணலாம்.

எனக்கு இப்படங்களில் வேறோர் ஈடுபாடும் உண்டு. என் வாப்பாவின் பாட்டனார் ஹிஜ்ரி 1304-இல் கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்றவர். திரும்பி வரவில்லை. மக்காவிலேயே மௌத்தாகிவிட்டார் என்று, உடன் சென்றவர்கள் வந்து சொன்னார்களாம். அவருக்குப் படம் எதுவும் கிடையாது. எந்த மண்ணில் அடக்கப்பட்டார் என்பதும் தெரியாது. ஹிஜ்ரி 1304-இன் ஹஜ் 1887-இல் வந்தது. மருத்துவர் அப்துல் கஃப்பார் கேமராவுடன் இயங்கிய ஆண்டுகளும் அவையே.

கணினித் திரையில் தொழுகை அணிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் எல்லைக்கு மேல் முகங்கள் கரைந்து வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. அந்தப் படம் எந்த ஆண்டின் எந்த வேளைத் தொழுகை என்பதும் குறிக்கப்படவில்லை. ஆயினும் எழுபதைக் கடந்த என் பெரியம்மா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓரத்து வரிசை ஒன்றைச் சுட்டி, "இங்கிட்டு நின்னிருப்பாங்க" என்றார். நான் அவருக்காக அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினேன்.