எண்ணூர் இரயிலில் ஒரு மொழிப் பள்ளி

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. அப்பழம்பெரும் நிலையத்தின் உயர்ந்த தூண்களைக் கண்டு மகிழ்ந்தபின், எண்ணூர் செல்லும் வண்டியில் ஏறினேன். காசிமேட்டு மீன்கூடையுடன் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். எதிரே, எண்ணூர்த் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் ஒடிசா மாநில இளைஞர்.

"ஆயா, இந்த மீன் பேர் இன்னா?"

"கெயங்கா, நைனா."

இளைஞர் தம் குறிப்பேட்டில் ஒடிய எழுத்தில் அதனைக் குறித்துக்கொண்டார். நூலில் அது 'கிழங்கான்' என்றேன். அதையும் அருகே எழுதினார். தெருவின் சொல் ஒன்று, ஏட்டின் சொல் ஒன்று, இரண்டும் வேண்டுமல்லவா?

தாம் தமிழ் கற்ற காரணத்தை அவர் கூறினார். வந்த புதிதில் இயந்திரத்தில் கை நசுங்கியது. வலி எவ்விடத்தில், எத்தகையது என்று மருத்துவரிடம் சொல்ல மொழியின்றிக் கண்ணீர் விட்டாராம். அன்று பூண்ட உறுதி இது: நாளுக்கு ஐந்து சொற்கள், அவற்றை அன்றே தேநீர்க்கடையில் பேசிவிடுதல், பிழையைத் திருத்துமாறு கேட்டல், இரவில் ஏட்டை மூடிவைத்து நினைவுகூர்தல், வாரம் கழித்து மீண்டும் சோதித்தல்.

நாவில் வழங்காத மொழி நழுவிவிடும் என்பதற்கும் இப்பகுதியே சான்று. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் வடசென்னையில் குடியேறினர். அவர்தம் இல்லங்கள் பலவற்றில், பேரப்பிள்ளைகளிடம் எஞ்சியிருக்கும் பர்மியச் சொற்கள் அத்தோ, மொய்ங்கா முதலிய உணவுப் பெயர்களே.

1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கேய குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரும் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிராது, கடற்கரை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. ஏடும் வேண்டும், ஏட்டைக் கடந்து மக்களிடம் செல்லும் துணிவும் வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, மொழி கற்பவருக்கு முதல் தடை இலக்கணமன்று. பிறர் நகைப்பரோ என்னும் நாணமே. அயலார் நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுகையில் நகையாது திருத்திக் கொடுப்போமாக.

எண்ணூர் வந்தது. இளைஞர் எழுந்து, "போறேன் ஆயா" என்றார்.

"போறேன்னு சொல்லக்கூடாது நைனா. போய்ட்டு வரேன்னு சொல்லு."

படியில் நின்றவாறே அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.