டெரடோமான்னா எந்த டெரடோமா?

கொஞ்சம் நீளமான இழை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டெரடோமா' என்ற வார்த்தையைப் பார்த்துட்டு இணையத்தில் தேடிப் பயந்துபோனவங்க உங்க வீட்டில் இருந்தா, அவங்களுக்கு அனுப்புங்க. தேடினா முதல்ல வர்றது முடியும் பல்லுமா இருக்கிற கட்டியோட படம்தான். பார்த்தவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

பேரே வில்லங்கம். கிரேக்கத்தில் 'டெராஸ்' என்றால் விகாரமான உருவம், அரக்கப் பிறவி. 1863-ல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ வெச்ச பேர். 150 வருஷம் தாண்டியும் அதையே பிடிச்சுத் தொங்கறோம். நோயாளிகிட்ட நான் அதுக்கு அர்த்தம் சொல்றதே இல்லை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு முகாம் போயிட்டிருந்த சமயம். கல்யாணம் நிச்சயமான ஒரு பொண்ணை அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. வயிறு வீங்கி, வெளியூர்ல ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. கையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டில் 'சூலக டெரடோமா'ன்னு மட்டும் எழுதியிருந்தது. வேற ஒரு வரி இல்லை.

"டாக்டரம்மா, கட்டிக்குள்ள முடி, பல்லெல்லாம் இருந்துச்சாம். ஊர்ல புள்ளைன்னு பேசறாங்க. செய்வினைன்னும் சொல்றாங்க. மாப்பிள்ளை வீட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவங்களுக்கு ரெண்டு கேள்வி. இது குழந்தையா? புற்றுநோயா? முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடிஞ்சது.

அந்த வீட்டில் இறால்தான் தொழில். கடல்ல பொரிச்ச இறால் குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளர்ந்து, பெருசானதும் கடலுக்குத் திரும்பும்னு அவங்கதான் எனக்குப் பாடம் எடுக்கணும். "உடம்புலயும் அப்படித்தான்கா. பின்னாடி முட்டையா, விந்தணுவா ஆகப்போற செல்லுங்க சூலகத்துல பொறக்கறதில்லை. கரு சின்னதா இருக்கும்போது வேற இடத்துல பொறந்து, நகர்ந்து நகர்ந்து அங்க வந்து சேருது"ன்னு சொன்னேன். இதுங்களை இனச்செல்கள்னு சொல்றோம். வழி தவறி நடுவழியில் நின்னுடற சில செல்களால் வாலெலும்பு, நெஞ்சுக்கூடு, மூளையில்கூட இதே வகைக் கட்டிகள் வரலாம்.

தோல், முடி, பல், எலும்பு எதுவா வேணாலும் மாறக்கூடிய திறமை இந்தச் செல்லுக்கு உண்டு. ஒண்ணு தானா கிளம்பி ஒழுங்கில்லாம வளர்ந்தா முடியும் வரும், பல்லும் வரும். சூலகத்து சாதா டெரடோமா அந்தப் பெண்ணோட ஒரே ஒரு முட்டைச் செல்லில் இருந்து உருவாகுதுன்னு 1975-லேயே மரபணு ஆய்வில் காட்டிட்டாங்க. எந்த ஆணோட பங்கும் இதில் கிடையாது. இந்த வரியை அந்தம்மா ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க. அப்புறம் வெளியே நின்ன நாத்தனாரை உள்ளே கூப்பிட்டு மூணாவது தடவையும் சொல்ல வெச்சாங்க!

இரண்டாவது கேள்விக்கு அந்தச் சீட்டு போதாது. டெரடோமாங்கிறது குடும்பப் பேர் மாதிரி. அதுக்கு முன்னாடி என்ன வார்த்தை இருக்குங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

'மெச்சூர்', அதாவது முதிர்ந்த டெரடோமா. டெர்மாய்டு கட்டின்னு நீங்க கேள்விப்பட்டது இதுதான். சூலக இனச்செல் கட்டிகளில் இதுதான் அதிகம். சாதுவான கட்டி. பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்துட்டு சூலகத்தைக் காப்பாத்தலாம். நூத்துக்கு ஒண்ணு ரெண்டுல, அதுவும் பெரும்பாலும் வயசானவங்களுக்கு, புற்றுநோயா மாறலாம். இன்னொரு பக்கச் சூலகத்திலும் இருக்கலாங்கிறதால அதையும் ஸ்கேன்ல பார்க்கணும். முறுக்கிக்கிட்டா திடீர்னு தாங்க முடியாத வலி வரும், அப்போ அவசர ஆபரேஷன்தான்.

'இம்மெச்சூர்', முதிராத டெரடோமா. ஆங்கிலத்தில் இரண்டெழுத்து கூடுது, கதையே மாறிடுது. கருவில் இருக்கிற மாதிரியான பக்குவப்படாத நரம்புத் திசு எவ்வளவு இருக்குன்னு பார்த்து 1 முதல் 3 வரை கிரேடு போடுவாங்க. பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்களுக்கு வரும். சிலருக்கு ஆபரேஷனே போதும், சிலருக்குக் கீமோ வேணும். ஆனா இதிலும் பாதிக்காத சூலகத்தையும் கர்ப்பப்பையையும் பெரும்பாலும் விட்டுவைக்க முடியும்.

பங்காளிகளும் உண்டு. ஒரே கட்டிக்கு சூலகத்தில் வந்தா டிஸ்ஜெர்மினோமா, விரையில் வந்தா செமினோமா, மூளையில் வந்தா ஜெர்மினோமா. மூணு பேர் வெச்சுக் குழப்பினது எங்க ஆளுங்கதான். யோக் சாக் கட்டி ரத்தத்தில் ஏ.எஃப்.பி-யை ஏத்தும். கோரியோகார்சினோமா ஏத்துறது பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பப் பரிசோதனைக் குச்சி கண்டுபிடிக்கிறதும் இதே எச்.சி.ஜி-யைத்தான். கர்ப்பமே இல்லாத பொண்ணுக்குக் குச்சியில் ரெண்டு கோடு விழலாம். குச்சியை மட்டும் நம்பி ஒரு பொண்ணைத் தெருவில் நிறுத்தறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுங்கப்பா.

அந்தம்மாகிட்ட முழு பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிட்டு வரச் சொன்னேன். பஸ் பிடிச்சு பொன்னேரி, அங்கிருந்து ரயில். ஒரு நாள் பிழைப்பு போச்சு. டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா இந்த அலைச்சல் தேவையே இல்லை. வந்த ரிப்போர்ட்டில் இருந்தது: மெச்சூர் சிஸ்டிக் டெரடோமா. கீமோ வேண்டாம். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதனால ரிப்போர்ட்டில் வெறும் டெரடோமான்னு இருந்தா விடாதீங்க. மெச்சூரா, இம்மெச்சூரா, கிரேடு என்ன, கூட வேற வகைக் கட்டி கலந்திருக்கான்னு கேளுங்க. சந்தேகம்னா, மெழுகில் பதிச்சு வெச்சிருக்கிற திசுவையும் ஸ்லைடையும் வாங்கி இன்னொரு நோயியல் நிபுணர்கிட்ட காட்டலாம். அது உங்க உரிமை.

ஆண்களுக்கு மேலே சொன்ன சமாதானம் பொருந்தாது. வயசுக்கு வந்தப்புறம் விரையில் வர்ற டெரடோமா, மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு 'முதிர்ந்து' தெரிஞ்சாலும் பரவக்கூடியதுன்னுதான் நடத்துவோம். சின்னப் பையன்களுக்கு வர்றது வேற ரகம், சாதுவானது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இந்த ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சிடுச்சு. பரவியிருந்தாலும் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவால் பெரும்பாலானவங்க குணமாகிற நோய் இது. வெட்கப்பட்டுக்கிட்டு மாசக்கணக்கா மறைச்சு வைக்கிறதுதான் பிரச்சினை. வலிக்கலைன்னாலும், ஒரு பக்கம் கெட்டியா வீங்கியிருந்தா இந்த வாரமே காட்டுங்க தம்பிகளா.